கட்டிலுக்கு வந்த நோட்டீஸ்

1

நேற்றுத் தபாலில் என் மனைவி செண்பகத்துக்கு மாநகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அவள் பொதுச் சாலையை ஆக்கிரமித்திருக்கிறாளாம். ஒரு வாரத்துக்குள் அவளாக அகற்றாவிட்டால் மாநகராட்சியே ஆள் அனுப்பி அகற்றிவிட்டு, அந்தச் செலவையும் அவளிடமே வசூலித்துக்கொள்ளுமாம். ஆக்கிரமிப்பின் விவரம் என்று கேட்டிருந்த இடத்தில் ‘கயிற்றுக் கட்டில், ஒன்று’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

ஒரு காகிதத்தை இவ்வளவு சுத்தமாகத் தயாரித்து, கையெழுத்துப் போட்டு, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் அனுப்பத் தெரிந்த அலுவலகம் இந்தத் தில்லியில் இருக்கிறது என்பதே எனக்கு நேற்றுதான் தெரிந்தது. அதே அலுவலகத்துக்கு நான் வருஷக்கணக்காக மனு எழுதியிருக்கிறேன். ‘கிடைத்தது’ என்று ஒரு தபால் கார்டு போடக்கூட அவர்களுக்குக் கை வந்ததில்லை.

இன்னொரு விசேஷம். எங்கள் தெருவுக்குப் போன மாதம்தான் பெயர் வைத்தார்கள். மல்ஹோத்ரா மார்க். அந்தப் புது விலாசத்துக்கு வந்த முதல் கடிதமே இந்த நோட்டீஸ்தான். தபால்காரர் இனாம் வேறு எதிர்பார்த்தார்.

ஊரிலிருந்து எனக்குக் கடிதம் போடுகிற நீங்கள், ‘உனக்கென்னப்பா, ஜனாதிபதி இருக்கும் ஊரில் இருக்கிறாய்’ என்று எழுதுகிறீர்கள். நீங்கள் வரும்போது நாங்களும் உங்களைச் சாணக்யபுரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி, தூதரகங்களின் புல்வெளியையும் நீரூற்றையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். அந்த பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில், குண்டும் குழியுமான மண் ரோட்டின் முடிவில் எங்கள் காலனி இருக்கிறது. அங்கே யாரையும் கூட்டிப்போவதில்லை. இந்த ஊரை நிஜமாக ஆள்கிறவர்கள் யார் என்று அங்கே வந்தால் தெரிந்துவிடும். செங்கல் லாரி யாரிடம் இருக்கிறதோ அவர்தான்.

2

கதை புரிய வேண்டுமென்றால் முதலில் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து வாசகர்களிடம் வெயிலின் அருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ‘வெயில் தாழட்டும், போகலாம்’ என்போம். அம்பாசமுத்திரத்தில் செண்பகத்தின் வீட்டில் வாசல் முழுக்கத் தட்டி கட்டியிருப்பார்கள். வெயில் என்பது எங்களுக்குக் கண்டதும் ஒளிந்துகொள்ள வேண்டிய கடன்காரன். தில்லிக்கு வந்த முதல் ஜனவரியில்தான் விஷயம் தலைகீழாகப் போயிற்று. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். சுவர் சில்லிட்டுப் போய்விடும். தரையில் கால் வைத்தால் முழங்கால் வரை வலி ஏறும். பதினோரு மணிக்குச் சூரியன் எட்டிப் பார்த்ததும் ஊரே கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அப்போது நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீடுகளுக்கு நடுவே பெரிய புல்தரை. குளிர்காலப் பகல் பூராவும் பெண்கள் அங்கேதான். பட்டாணி உரிப்பது, ஸ்வெட்டர் பின்னுவது, தலை காயவைப்பது, ஊர்வம்பு எல்லாம் அந்த வெயிலில்தான் நடக்கும். செண்பகம் இந்தி கற்றதும் அங்கேதான், பின்னல் கற்றதும் அங்கேதான். இரண்டாவது குளிர்காலத்தில் அவளுக்கு முழங்கால் வீங்கிப் போனபோது டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, ‘இதெல்லாம் சும்மா. வெயிலில் காலை நீட்டி உட்காரு, அதுதான் மருந்து’ என்றார். அன்றிலிருந்து குளிர்காலம் என்றால் அவளுக்கு அந்த ஒரு மருந்துதான்.

அரசாங்க வீடு வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்ற சில மாதங்களில் பெட்டி படுக்கையோடு வெளியே வந்துவிட வேண்டும். ஊருக்குத் திரும்பலாமே என்பீர்கள். எங்கள் மகள் சுதாவைக் கேட்டால் அதற்குப் பதில் தெரியும். சரோஜினி நகர் மார்க்கெட்டில் பேரம் பேசப் பிறந்தவள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் முறுக்குப் பிழிந்துவைத்த மாதிரி இருக்கிறதாம் அவளுக்கு. அதனால் நாங்களும் வேறு சில தமிழ்க் குடும்பங்களும் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்து மனை வாங்குவது என்று முடிவு செய்தோம். செண்பகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“வீடு சின்னதா இருந்தாலும் சரி. வாசல்ல வெயில் விழணும். எதுக்க திறந்த வெளி இருக்கணும். இல்லேன்னா நான் வரல. நீங்க மட்டும் போயி இருந்துக்கோங்க.”

3

மல்ஹோத்ராஜியை நாங்கள் அப்படித்தான் சந்தித்தோம். தென்கோடியில் இருந்த கோதுமை வயல்களை விவசாயிகளிடம் வாங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மனைகளாக விற்றுக்கொண்டிருந்தார். அரசாங்க அனுமதி என்று ஒன்றும் கிடையாது. இந்த ஊரில் அதற்கு யாரும் கவலைப்படுவதில்லை. காலனி பிறகு ‘பாஸ்’ ஆகிவிடும் என்பார்கள். தேர்தல் வரும், எந்தக் கட்சியாவது அனுமதியில்லாத காலனிகளையெல்லாம் அங்கீகரித்துவிடும், தண்ணீரும் விளக்கும் வந்துவிடும். அதுவரை நாம் சட்டப்படி இல்லாத இடத்தில் குடியிருக்கிறோம் என்று கணக்கு.

அவர் ஒரு நீல வரைபடத்தை விரித்தார். நடுவில் ஒரு பெரிய கட்டம். அதில் பச்சை மை பூசி, மரம் மாதிரி ஏதோ வரைந்திருந்தது.

“பார்க் ஹை ஜி, பார்க்!” என்றார். சமோசாத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். “உங்கள் வீட்டு வாசலுக்கு நேராக. குழந்தைகள் விளையாடட்டும். மாதாஜி வெயில் காயட்டும்.”

எங்கள் சங்கத் தலைவர் பழனிச்சாமி கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருபது வருஷம் பிறர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவர். பொள்ளாச்சிப் பக்கம். அவரே அந்தப் படத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “முத்திரையெல்லாம் சுத்தமா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டார். அரசாங்க ஊழியனுக்கு நீலக் காகிதத்தில் ஒரு ரப்பர் முத்திரையைக் காட்டினால் போதும், சந்திரனில் மனை வாங்கிவிடுவான். அந்த முத்திரை மல்ஹோத்ராஜியின் சொந்தக் கம்பெனி முத்திரைதான் என்பதை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

ஊரில் இருக்கும் நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம் தாலுகா ஊரில் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த பஸ் ஸ்டாண்டை ஒருநாள் ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டுக்கு மாற்றினார்களே, நினைவிருக்கிறதா? ஜனநெருக்கடி என்று காரணம் சொன்னார்கள். அந்த முள்ளுக்காடு யாருடையது என்பதும், அவருடைய மைத்துனர் நகராட்சியில் என்னவாக இருந்தார் என்பதும் டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும். நாம் என்ன செய்தோம்? புது பஸ் ஸ்டாண்டில் அவருடைய கடையிலேயே டீ குடித்துக்கொண்டு அவரைத் திட்டினோம். அதே ரத்தம்தான் இங்கேயும் ஓடுகிறது.

4

வீடு கட்டிக் குடிவந்த முதல் குளிர்காலம் சொர்க்கம். பார்க்கில் புல் கிடையாது, மரம் கிடையாது, எருமைகள் மேயும். ஆனால் காலையிலிருந்து மாலை வரை வெயில் தங்கு தடையில்லாமல் எங்கள் வாசலில் வந்து விழும். செண்பகம் கட்டிலைப் போட்டுக் காலை நீட்டினால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். பக்கத்து வீட்டுச் சர்தார்னி அம்மாளும் தன் கட்டிலோடு வந்துவிடுவாள்.

மறு வருஷம் கார்த்திகையில் மாநகராட்சி ஓவர்சியர் ஒருவர் வந்தார். இருமல்காரர், நல்ல மனிதர். டீ குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். தேர்தல் வருகிறது, காலனிகளை அங்கீகரிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் சர்வே எடுப்பார்கள். சர்வே அன்று தரையில் என்ன நிற்கிறதோ அதுதான் கணக்கு. “வேலி, ஒரு கேட், நாலு செடி, ஒரு பெஞ்சு. இவ்வளவு இருந்தால் நான் பார்க் என்று எழுதிவிடுவேன். வெறும் தரையாகக் கிடந்தால் காலனியை விற்றவருடைய நிலம் என்றுதான் எழுத முடியும். சீக்கிரம், ஜல்தி கரோ” என்றார்.

உடனே கூட்டம் போட்டோம். இரும்புக் கழிகளும் முள்கம்பியும் வாங்கிப் பழனிச்சாமி வீட்டு வராந்தாவில் அடுக்கினோம். அதற்கப்புறம்தான் எங்கள் வேலையைக் காட்டினோம். கேட் கிழக்குப் பார்த்தா, வடக்குப் பார்த்தா? முதல் கழியை யார் நடுவது? திருநெல்வேலிக்காரர்கள் ஒரு பக்கம், கோயமுத்தூர்க்காரர்கள் ஒரு பக்கம், இரண்டிலும் சேராத வட ஆற்காட்டுக்காரர் இரண்டு பக்கமும். இந்த வாதத்தில் கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்துவிட்டது.

“ஏனுங்க, மார்கழியில குழி தோண்டலாமுங்களா?” என்றார் பழனிச்சாமி. “நல்ல காரியத்துக்குத்தானுங்க வேலி போடறோம். தை பொறக்கட்டுமுங்க. மொத நாளே போட்டுப்போடலாம்.”

“சர்வேக்காரங்க அதுக்குள்ள வந்துட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இந்தக் குளிர்ல எவனுங்க வருவான்?”

எல்லாரும் கை தூக்கினோம். தீர்மானம் நிறைவேறியது. டெலிபோன் டிபார்ட்மென்டிலும் ரயில்வே போர்டிலும் தேசத்தையே நடத்துகிற தமிழர்கள், நாலு இரும்புக் கழி நடுவதற்குப் பஞ்சாங்கத்தின் உத்தரவுக்காகக் காத்திருந்தோம்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. மார்கழி முதல் நாள் பஜனைக்கு மல்ஹோத்ராஜியை அழைத்தார்கள். தமிழர்களுக்குத் தலைமை தாங்க ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் பொங்கல் கூடத் தொண்டையில் இறங்காது. அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து கண்ணை மூடிக் கேட்டார். ஒலிபெருக்கி ஒன்றை நன்கொடையாகத் தந்தார். பழனிச்சாமி உச்சி குளிர்ந்துபோய், இந்த மாதம் முழுவதும் நாங்கள் மண்ணைத் தோண்ட மாட்டோம், செங்கல்லைத் தொட மாட்டோம், எல்லாம் தெய்வத்துக்குத்தான் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் பெருமையாக விளக்கினார்.

“அச்சா, அச்சா!” என்று மல்ஹோத்ராஜி வியந்தார். “எந்தத் தேதி வரைக்கும்?”

அந்தக் கேள்விக்கு அர்த்தம் யாருக்கும் உறைக்கவில்லை. பழனிச்சாமி தன் வீட்டுத் தமிழ் நாள்காட்டியையே கழற்றி, தை முதல் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பரிசாகக் கொடுத்தார். அது அன்றைக்கே மல்ஹோத்ராஜியின் ஆபீஸ் சுவரில் ஏறிவிட்டது.

மறுநாளே அவர் ஒரு யோசனையோடு வந்தார். உங்களுக்குத்தானே மார்கழி? எனக்கு இல்லையே. நீங்கள் தெய்வ காரியத்தைப் பாருங்கள், பார்க்குக்கு நானே என் செலவில் சுற்றுச்சுவர் கட்டித் தருகிறேன் என்றார். எங்கள் சங்கம் நெகிழ்ந்துபோய்விட்டது. நன்றித் தீர்மானம் போட்டு, பொன்னாடை போர்த்தி, மாலையும் போட்டோம்.

பனிமூட்டத்தில் குரங்குக் குல்லா அணிந்து நாங்கள் பஜனை பாடிக்கொண்டு வருவோம். மூட்டத்துக்குள்ளிருந்து செங்கல் சுமக்கும் பெண்கள் ஒவ்வொருவராகத் தெரிவார்கள். விழுப்புரம் பக்கத்துத் தமிழர்கள். “எந்த ஊரும்மா?” என்று ஆசையாக விசாரித்து, இலைத்தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் கொடுப்போம். தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில் எங்களுக்குக் கண் கலங்கும். என்ன கட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கூலிக்கு மார்கழி கிடையாது. அவர்கள் கட்டிக்கொண்டே போனார்கள்.

சுவர் இடுப்பளவு வந்தது. எருமை தாண்டக் கூடாது என்றார்கள், தலைக்கு மேல் போயிற்று. பிறகு தூண்கள் எழும்பின.

“லைட்டு மாட்டறதுக்குங்க அம்மிணி” என்று பழனிச்சாமி செண்பகத்துக்கு விளக்கினார்.

பிறகு தூண்களின் மேல் பலகை அடித்துக் கம்பி கட்டினார்கள்.

“ஏங்க, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றாள் செண்பகம் என்னிடம். “பாட்டு பாடிக்கிட்டு அதைத்தான சுத்திச் சுத்தி வாரீக. பார்க்குக்கு எதுக்கு மேக்கூரை? புல்லு மழையில நனையாம இருக்கதுக்கா?”

நாங்கள் போகிப் பண்டிகைக்குப் பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது சர்வேக்காரர்கள் வந்தார்கள். குளிரைப் பொருட்படுத்தாமல் வந்தார்கள். கூரை போட்ட கட்டடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் தை பிறந்தது. எங்கள் இரும்புக் கழிகள் பழனிச்சாமி வீட்டில் இன்றைக்கும் இருக்கின்றன. அவரைக் கொடி ஏற்றியிருக்கிறார்கள்.

5

அப்புறம் மாடி மேல் மாடியாக நாலு ஏறி, கீழே கடைகள் வந்தன. மல்ஹோத்ராஜியிடம் போய்க் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு என்ன இருக்கிறது? “பார்க் எங்கே போயிற்று? மொட்டைமாடிக்குப் போயிருக்கிறது. பூந்தொட்டி வைக்கிறேன். அங்கே வெயில் இன்னும் ஜோராக வரும். மாதாஜி எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்” என்றார். நாலு மாடி ஏறுகிற முழங்கால் இருந்தால் அவளுக்கு வெயில் எதற்கு? அந்த மாடிப்படிக்கும் இரண்டாம் நாளே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் வீடு கட்டடத்துக்கு நேர் வடக்கே. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்துதான் போகும். ஆகவே எங்கள் வாசலில் வெயில் என்பது அடியோடு நின்றுவிட்டது. மார்க்கெட்டுக்கும் அதை ஒட்டிய தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வழியாகப் பகல் பதினோரு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் போல் தெருவின் நட்டநடுவில் ஒரு துண்டு வெயில் விழும். சரியாக ஒரு கட்டில் அகலம்.

வார்டுக் கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். அவர் மல்ஹோத்ராஜியின் ஆபீஸில், மல்ஹோத்ராஜியின் ஹீட்டருக்கு முன்னால், மல்ஹோத்ராஜியின் பிஸ்தாவை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எங்கள் மனுவை வாங்கி மல்ஹோத்ராஜியிடமே கொடுத்து, “பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் கூட வரவில்லை. ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா எனக்கு நிர்வாகம் கற்றுத்தந்தார். உங்கள் காலனி எங்கள் பதிவில் இல்லை, இல்லாத காலனியில் பார்க் எப்படி இருந்திருக்கும், இல்லாத பார்க்கை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டார்.

“அப்படியானால் அந்த மார்க்கெட் மட்டும் எப்படி இருக்கிறது?” என்றேன்.

“அது சர்வேயில் இருக்கிறதே!” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பொருமினால், சுதா பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “சல்தா ஹை அப்பா. நீ ஏன் இவ்ளோ டென்ஷன் எடுக்கறே? இங்க எல்லாம் இப்படித்தான்” என்பாள். பிறந்த ஊரின் வேதாந்தம். அதைத் தமிழில் சொன்னாளே என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த தேர்தலில் மல்ஹோத்ராஜியே நின்றார். கவுன்சிலருக்குப் பிஸ்தா வாங்கிக் கொடுப்பதைவிடத் தானே கவுன்சிலராகிவிடுவது சிக்கனம் என்று பட்டிருக்க வேண்டும். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், போஸ்டர் அச்சாகி வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கும். பஸ்ஸைக் காலனி வரை நீட்டுகிறேன் என்றார். எங்கள் சங்கம் அவரை ஆதரித்தது, ஜெயித்தார். பஸ் வந்தது, உண்மைதான். அவருடைய மார்க்கெட் வாசலில் வந்து நிற்கிறது.

6

தெருவுக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று முன்மொழிந்ததும் எங்கள் சங்கம்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர்ப்பலகைத் திறப்பு விழா. மல்ஹோத்ராஜியே ஆள் அனுப்பி, உங்கள் ஆட்களைக் கேட்டு நல்ல நேரம் குறித்து வாருங்கள் என்றாராம். பகல் பன்னிரண்டு மணிக்கு யமகண்டம். அதற்கு முன்னால், பதினொன்றரைக்கு என்று பழனிச்சாமி குறித்துக் கொடுத்தார். கேஸட்டில் நாதஸ்வரம், தட்டில் பொன்னாடை, வரவேற்புரை நான். நான் மாட்டேன் என்றேன். பழனிச்சாமி தானே எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்குச் செண்பகம் வழக்கம்போலக் கட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று என்ன நாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரு நடுவில் வெயில் விழும் இடத்தில், மேடுபள்ளத்தில் ஆடுகிற கட்டிலைப் போட்டு, காலை நீட்டி, பட்டாணி உரிக்கத் தொடங்கினாள். பலகைக்குப் போகும் வழி அது ஒன்றுதான். சற்று நேரத்தில் கவுன்சிலரின் வெள்ளைக் கார் கட்டிலுக்கு முன்னால் வந்து ஹாரன் அடித்தது.

பழனிச்சாமி ஓடிவந்தார். “அம்மிணி, கொஞ்சம் எந்திரிங்க. நேரம் ஆவுதுங்க. பெரிய மனுசங்க வந்திருக்காங்க.”

“வந்துட்டுப் போட்டும்” என்றாள்.

மல்ஹோத்ராஜியே இறங்கிக் கை கூப்பினார். “மாதாஜி!”

செண்பகம் சுதாவைக் கூப்பிட்டாள். “இந்தா பாரு, அவர்ட்ட சொல்லு. வெயில் இருக்கத வரைக்கும் இருப்பேன். அது போனா நானும் எந்திரிச்சிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

சுதா இந்தியில் சொன்னாள். அம்மா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள். பிறகு தானாகவே சேர்த்துக்கொண்டாள், இந்த வெயில் முன்பெல்லாம் காலையிலிருந்து மாலை வரை எங்கள் வாசலில் இருந்தது, இப்போது இது ஒன்றுதான் மிச்சம் என்று. கூடியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, நல்ல கணீரென்ற தில்லி இந்தியில். எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சலெல்லாம் அன்றோடு போயிற்று.

யாரும் செண்பகத்தைத் தொட்டு எழுப்பத் துணியவில்லை. சர்தார்னி அம்மாள் வேறு தன் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு அடித்தது. கேஸட்டுக்காரர் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டார்.

“யமகண்டம் வந்திருச்சுங்களே!” என்று பழனிச்சாமி தலையில் கை வைத்தார்.

மல்ஹோத்ராஜி இதையெல்லாம் பொருட்படுத்தாமல் கட்டிலைச் சுற்றி நடந்துபோய்த் திரையை இழுத்துவிடுவார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முகம் வெளுத்தது. எங்கள் நாள்காட்டியால் ஒரு முறை கொழுத்தவர் இல்லையா, அதை எங்களைவிடத் தீவிரமாக நம்பத் தொடங்கியிருந்தார். காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யமகண்டம் கழியும் வரை, மாலையும் கழுத்துமாக, அங்கேயே இருந்தார். செண்பகம் வெயில் நகர்ந்ததும் பட்டாணியை அள்ளிக்கொண்டு, கட்டிலைத் தூக்கிக்கொண்டு எப்போதோ உள்ளே வந்துவிட்டாள். ஒன்றரை மணிக்கு மேல் நிழல் விழுந்த தெருவில் பலகையைத் திறந்தார்கள். பலகாரம் ஆறிப்போயிருந்தது என்று கேள்வி.

மறுநாளும் அவள் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். சர்தார்னி அம்மாளும் மோடா என்கிற பிரம்பு முக்காலியைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரமும் மல்ஹோத்ரா மார்க்கில் மல்ஹோத்ராஜியின் கார் போக முடியாது. அதன் பலன்தான் நேற்று வந்த நோட்டீஸ்.

7

நாலு மாடி எழும்பி நிற்கிறது, அது அங்கீகரிக்கப்பட்ட கட்டடம். கடைக்காரர்கள் நடைபாதை முழுக்கப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள், அது வியாபாரம். இந்தக் காலனியில் ஆக்கிரமிப்பாளர் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது என் மனைவி ஒருத்தியைத்தான். பேனாவை எடுத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதியே இத்தனை வருஷம் போனதை நினைத்து மூடியும் வைத்தேன்.

செண்பகம் கட்டிலில்தான் இருந்தாள். சுதா நோட்டீஸை இந்தியில் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். “அம்மா, நீ ரோடை பிடிச்சு வெச்சிருக்கியாம். கட்டில் இல்லீகலாம். ஒரு வாரத்துல எடுக்கணுமாம்.”

“ஆக்கிரமிப்புன்னே எழுதிருக்கானா? கையெழுத்துப் போட்டு?”

“ஆமா. சீல் கூட இருக்கு.”

செண்பகம் அதை வாங்கி நாலாக மடித்து, பட்டாணிக் கூடைக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்போ நல்லதாப் போச்சு. அடுத்த எலெக்‌ஷனுக்கு முந்தி சர்வே வரும்லா? நிக்கதையெல்லாம் பாஸ் பண்ணுதாம்லா? கட்டிலும் நிக்கி. எழுதிட்டுப் போட்டும்.”

சுதா முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். செண்பகம் சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, சந்து வழியே சரியத் தொடங்கிய வெயிலைப் பார்த்தபடி இருந்தாள்.

நான் எழுந்து மார்க்கெட்டின் பின்பக்கம் போனேன். ஐந்தாவது மாடிக்காக இறக்கிய செங்கல் அங்கே குவிந்து கிடந்தது. நாலு செங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அவளை எழுப்பாமலே கட்டிலின் ஒவ்வொரு காலையும் சற்றுத் தூக்கி அடியில் கொடுத்தேன். கட்டில் இப்போது ஆடவில்லை. அன்று நாள் எப்படி என்று நான் பார்க்கவில்லை.